படுத்தபடி கேட்ட உலகக் கோப்பை

கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல்லாக வைத்துக்கொடுத்தவர் என் மாமனார். கால் உயரவும் தலை தாழவும் இருக்கும்படி நான் படுக்க வேண்டும் என்று தர்மபுரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதற்கு முன் இரண்டு முறை, நாலாம் மாதத்திலும் ஐந்தாம் மாதத்திலும், கரு கலைந்திருந்தது. மூன்றாம் முறை கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, "பாத்ரூமுக்குக்கூட எழுந்திரிக்கக் கூடாது. பிரசவம் வரைக்கும் படுக்கைதான்" என்று அனுப்பிவிட்டார்.

அறை மாரண்டஹள்ளியில் எங்கள் வீட்டின் பின்கட்டில் இருந்தது. முன்பு அதில் வெங்காயம் கொட்டி வைப்பார்களாம். ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும். தலை தாழ்ந்து கிடந்ததால் எனக்கு அதுவும் முழுசாகத் தெரியாது. மின்விசிறியும், அதன் மேல் ஒட்டடையும், சுண்ணாம்பு உரிந்த இடமும்தான் தெரிந்தன. கணவர் ஓசூரில் கம்பெனி வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார்.

எல்லாம் அத்தைதான், என் மாமியார். பெட்பேன் வைப்பது, துடைப்பது, ஈரத்துணியால் முதுகு தேய்ப்பது. ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதனாலேயே அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச எனக்கு வாய் வராது. அவ்வளவு செய்கிறவரிடம் எதைக் கேட்பது?

இந்த மாதிரிப் படுக்கையில் கிடந்த காலத்தில்தான் நியூசிலாந்தில் பெண்கள் உலகக் கோப்பை தொடங்கியது.

என் பைத்தியம் சேலத்தில் கல்லூரி விடுதியில் பிடித்தது. வார்டனுக்குக் காய்ச்சலாக இருந்த ஒரு மத்தியானம், டிவி அறையில் யாரோ சேனலை மாற்ற, திரையில் பெண்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எல்லைக் கோட்டருகே பாய்ந்து விழுந்து பந்தைத் தடுத்துவிட்டு எழுந்து, முழங்கையில் ரத்தம் வழிய, சிரித்தாள். நான் அதுவரை ஒரு பெண் விழுந்து எழுந்து சிரித்துப் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து எந்த நாட்டில் ஆடினாலும் விடமாட்டேன். கிரிக்கெட் மட்டும் இல்லை. ஒலிம்பிக்கில் நம் ஹாக்கிப் பெண்கள் வெண்கலத்தைக் கோட்டைவிட்டு மைதானத்திலேயே உட்கார்ந்து அழுத காலையில், நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் ஒரு பையனின் மாற்றுச் சான்றிதழைத் தப்பாக அடித்து, இரண்டு முறை திருத்தினேன்.

உலகக் கோப்பை ஆட்டங்கள் நம் நேரத்துக்குக் காலை ஆறரைக்குத் தொடங்கும். முதல் மூன்று ஆட்டத்தைப் போனில் பார்த்தேன். கையை நீட்டி முகத்துக்கு மேலே பிடித்துக்கொள்வேன். கை வலித்தால் போன் மூக்கில் விழும். பதினோரு பெண்கள் அத்தனை பெரிய பச்சையில் ஓடுவதைப் பார்க்கும்போது என் கால்கள் போர்வைக்குள் தாமாகவே அசையும். நான் அவற்றை அடக்கிப் பிடிப்பேன்.

நாலாவது ஆட்டத்தன்று அத்தை போனை வாங்கி வைத்துவிட்டார்.

"போனு சூடு கொழந்தைக்கு ஆவாதும்மா. எதுத்த வூட்டுல சொல்றாங்க. உனக்குப் பேசணும்னா சொல்லு, நான் கொண்டாந்து தரேன்."

"பேசறதுக்கு இல்லீங்க அத்தை. ஒரு ஆட்டம்..."

"ஆட்டமா? ரெண்டு புள்ளைய வுட்டுட்டு மூணாவதுக்குப் படுத்துக் கெடக்கற. ஆட்டம் எங்க ஓடிடப் போவுது?"

அவர் திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்புவதற்குத்தான் எனக்கு அனுமதி இருந்தது.

மாமாவுக்குத் தக்காளி மண்டி. விடிவதற்கு முன் போய்விட்டு ஒன்பது, பத்து மணிக்கு வருவார். கூடத்தில் டிவியைப் போட்டுச் செய்தி பார்ப்பார். கூடத்துக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். மருமகள் படுத்திருக்கும் அறைக்குள் மாமனார் வருவது எங்கள் பக்கத்தில் இல்லை. நான் அங்கே படுத்த நாளிலிருந்து அவர் முகத்தையே பார்க்கவில்லை. செருமல் சத்தத்தை வைத்துத்தான் அவர் இருப்பது தெரியும்.

ஒருநாள் அத்தை துணி துவைக்கப் போயிருந்தபோது துணிந்து கேட்டேன்.

"மாமா, லேடீஸ் மேட்ச் ஓடுதுங்க. கொஞ்சம் போடறீங்களா? சத்தம் மட்டும் கேட்டா போதும்."

ஒரு செருமல். பிறகு, "பொம்பளப் புள்ளைங்க ஆடறதா? அதெல்லாம் டிவில வருதா?" என்றார். சேனல் சேனலாக மாறும் சத்தம் கேட்டது.

பழைய காலத்தில் ஆண்கள் ஆட்டத்தை ரேடியோவில் கேட்டவர் அவர். இங்கிலீஷ் வர்ணனை அவருக்குப் புரியாது. திரையில் வரும் பெயர்களும் தெரியாது. ஆனாலும் நான் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார். "நீட்டு ஜடைக்காரி ஒண்ணு அடிச்சா, நாலு." "குட்டைப் பொண்ணு அவுட்டும்மா. நல்லாத்தான் ஆடுச்சு, பாவம்." எனக்கு இங்கிலீஷ் காதில் விழும். அவர் சொல்வதும் விழும். இரண்டையும் சேர்த்து உரிந்த சுண்ணாம்பில் மைதானத்தைப் போட்டுக்கொள்வேன். அத்தை முணுமுணுத்தார். ஆனால் மாமாவே போட்டதால் நிறுத்தவில்லை.

கடைசி லீக் ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவை ஜெயித்தால்தான் நமக்கு அரையிறுதி. அன்று அத்தை பாலக்கோட்டில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார். கணவருக்கு ஓவர்டைம். பெட்பேன் வைக்கப் பக்கத்து வீட்டு அக்கா வருவதாக ஏற்பாடு. வீட்டில் மாமாவும் நானும்தான்.

நம் பெண்கள் நன்றாக அடித்திருந்தார்கள். எதிரணியும் விடவில்லை. மத்தியானம் இரண்டு மணிவாக்கில் கடைசி ஓவருக்கு வந்தது. மாமா சாப்பிடவே எழுந்திரிக்கவில்லை.

"ரெண்டு பந்துல மூணு ரன்னும்மா. இப்பப் போடறா. தூக்கி அடிச்சுட்டா... புடிச்சுட்டா! புடிச்சுட்டாம்மா! ஜெயிச்ச மாதிரிதான்!"

அவர் கத்திய கத்தலில் நான் படுக்கையில் பாதி எழுந்துவிட்டேன். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக முழங்கைகளை ஊன்றி நிமிர்ந்தேன். தலை சுற்றியது. சிரித்துக்கொண்டிருந்தேன்.

"இரும்மா. இரு... ஏதோ காட்டறாங்க." குரல் இறங்கியது. "பந்து போட்டவ கோட்டைத் தாண்டிட்டாளாம். நோ-பாலாம்மா, அவுட்டு இல்லியாம்."

அந்தக் கடைசிப் பந்தை அவர் சொல்லவில்லை. டிவியில் வேறு நாட்டுக்காரிகள் கூவுவதிலிருந்தே தெரிந்துகொண்டேன். அதே நேரத்தில் அடிவயிறு கல்லாக இறுகியது. விட்டது. மறுபடியும் இறுகியது. முன்பு இரண்டு முறையும் எனக்கு அப்படித்தான் ஆரம்பித்திருந்தது.

"மாமா," என்றேன். "வலிக்குதுங்க."

திரைச்சீலைக்குக் கீழே அவர் பாதங்கள் வந்து நின்றன. ஒரு கணம் அசையாமல் இருந்தன. பிறகு திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "அய்யோ, நான் கத்தாம இருந்திருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வெளியே ஓடிப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

ஆம்புலன்சுக்குக் காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. வாசலில் மண்டிக்கு ஓடும் குட்டியானைச் சரக்கு வண்டி நின்றிருந்தது. தக்காளிக் கூடைகளை இறக்கிப்போட்டு, சாக்குகளின் மேல் மெத்தையை விரித்து, இருவரும் என்னைப் பெட்ஷீட்டோடு தூக்கிப் படுக்க வைத்தார்கள். அக்கா தெலுங்கு வீட்டுக்காரர். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏமீ காதம்மா, ஏமீ காது" என்று ஒன்றும் ஆகாது என்பதையே வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த வண்டியில் மல்லாந்து கிடந்தபோது எனக்கு மேலே வானம் இருந்தது. பங்குனி வெயில், ஒரு மேகம் இல்லை. புளியமரக் கிளைகள் வந்து வந்து போயின. முகத்தில் காற்று அடித்தது. பயத்தில் பல் கிட்டிக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு சந்தோஷமும் இருந்தது, வெளியே வந்துவிட்டேன் என்று. இன்னொரு பக்கம், கோட்டைத் தாண்டிய அந்தப் பந்து வீசியவளின் கால் எவ்வளவு தாண்டியிருக்கும், ஒரு விரல் அளவா, அரை அடியா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் இருந்த பிள்ளையைப் பற்றி யோசிக்கவேண்டிய நேரத்தில்.

தர்மபுரியில் ஊசி போட்டு வலியை நிறுத்தினார்கள். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கவைத்தார்கள். அத்தை நிச்சயதார்த்தப் புடவையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"கிரிக்கெட்டு கேட்டாங்க டாக்டர், அதான்" என்றார்.

டாக்டரம்மா சிரித்தார். "அதனால எல்லாம் வராதுங்கம்மா. எழுந்திரிச்சதுதான் தப்பு."

அத்தை அதை நம்பவில்லை. மூன்று நாள் கழித்துத் திரும்பியபோது, கூடத்து டிவி துணி போட்டு மூடியிருந்தது. மாமா மறுபடியும் வெறும் செருமலாகிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல நினைத்தேன். திரைச்சீலை வழியாக அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த இரண்டு மாதமும் நான் மின்விசிறியின் இறக்கைகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கோப்பையை யார் தூக்கினார்கள் என்பதுகூடப் பிரசவத்துக்குப் பிறகுதான் தெரியும்.

எட்டாம் மாதத்தில் மகள் பிறந்தாள். எடை குறைவு, ஆனால் நல்ல குரல். நல்லம்பள்ளியில் அம்மா வீட்டில் இருந்தபோது ஒருநாள் சாயங்காலம் டிவியில் நம் பெண்கள் ஆட்டம் வந்தது. தடுக்க யாரும் இல்லை. போனும் என் கையில்தான். மகளை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஆட்டம் கடைசிக்கு நெருங்கியதும் என் அடிவயிறு இறுகியது. ரிமோட்டைத் தேடி நானே அணைத்துவிட்டேன்.

அது போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. இன்றைக்கும் எல்லா ஆட்டத்தையும் பார்க்கிறேன், யார் காயத்தில் இருக்கிறார்கள், யாரைச் சேர்க்கவில்லை என்று எல்லாம் தெரியும். ஆனால் இழுபறியாகும் நேரம் வந்தால் எழுந்து போய்விடுகிறேன். பாத்திரம் தேய்ப்பேன், மாடியில் துணி எடுப்பேன். யாரும் என்னை அனுப்புவதில்லை.

பிறகு ஒருவழியாக நம் பெண்கள் உலகக் கோப்பையை ஜெயித்தார்கள். அதற்காக நான் கல்லூரி நாளிலிருந்து காத்திருந்தேன். இறுதி ஆட்டத்தன்றும் பாதியில் எழுந்துபோய், காதை அடைத்துக்கொண்டு மகள் பக்கத்தில் படுத்துவிட்டேன். மறுநாள் காலை பாலக்கோடு பஸ்ஸில், வேலைக்குப் போகிற வழியில், சத்தத்தை அணைத்துவிட்டுப் போனில் பார்த்தேன். அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள். முடிவு தெரிந்த பிறகும் என் கை வயிற்றின் மேல்தான் இருந்தது.

பக்கத்து சீட்டில் கூடையோடு இருந்த பூக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா அழுவற? யாரு அந்தப் பொண்ணுங்க?"

"ஜெயிச்சுட்டாங்க" என்றேன்.

"ஜெயிச்சா சிரிக்கோணும்" என்றார் அவர், கூடையை மடியில் ஏற்றி எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டபடி.