முதல் நாற்றுமுடி என் கைக்கு வந்த வருசம்

மதுரையிலிருந்து இரண்டு கல்லூரிப் பெண்கள் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார்கள். வயலில் பாடுபடும் பெண்களின் கதையைப் பதிவு செய்யப் போகிறார்களாம். என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். கதையை என் ஓரகத்தியிடம் கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவள் அந்த மெஷினில் சொல்லாமல் விட்டதை நான் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்ததற்கு இதாவது உதவட்டும்.

நான் அந்த வீட்டின் மூத்த மருமகள். அவள் என் கொழுந்தன் பெண்டாட்டி, செல்லூரில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். அங்கே பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதென்றாலும் கத்தித்தான் ஆகவேண்டும். அப்படி வாய்த்த தொண்டை அது. எங்கள் ஊர் சமணர் மலைக்கு மேற்கே, கண்மாய்ப் பாசனம். கல்யாணமாகி வரும்வரை அவள் சேற்றில் கால் வைத்தவளில்லை. முதல் நடவில் அவள் நட்ட நாற்றெல்லாம் பிடுங்கிக்கொண்டு மிதந்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். அங்கேதான் நான் தோற்றேன். அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தால் எனக்கு வேலை மிச்சமாகியிருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் நடவுக் கூட்டத்துக்குத் தலைவியாக இருந்த அம்மாள் மகனோடு மதுரைக்குக் குடிபோய்விட்டாள். தலைவி என்றால் சும்மா இல்லை. எந்த வயலுக்கு எப்போது போவது என்று அவள்தான் சொல்லவேண்டும். வயலின் சனி மூலையில் கிழக்குப் பார்த்து நின்று கட்டாகக் கட்டிய முதல் நாற்றுமுடியை அவள்தான் பிரித்து நடவேண்டும். நட்டதும் குலவை போடுவாள். கூட்டம் முழுக்கப் பதில் குலவை போட்டுக்கொண்டே வயலில் இறங்கும். பதில் குலவை இல்லாமல் நடவு தொடங்காது. அந்த இடம் எனக்கு என்றே இருந்தேன். மூத்தவள் நான், கை வேகமும் எனக்குத்தான். பெண்கள் என் ஓரகத்தியைக் கூப்பிட்டார்கள்.

ஒரு தடவை, கைப்பிள்ளைக்காரிகள் பால் கொடுக்க வீட்டுக்குப் போகக்கூடாது என்று பண்ணையின் கணக்குப்பிள்ளை மறித்தார். அவள் கையிலிருந்த நாற்றைப் போட்டுவிட்டு வரப்பில் ஏறினாள். ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரும் பின்னால் ஏறினார்கள். வேறு வழியில்லாமல் நானும் ஏறினேன்.

"நடவ இப்புடிப் போட்டுட்டுப் போனா எப்புடித்தா? நாத்து வாடிப் போகும்ல?"

"நாத்து வாடுனா உங்களுக்கு அம்புட்டு வலிக்குதே அண்ணே, பச்சப்புள்ள வாடுனா எங்களுக்கு வலிக்காதா? பால் குடுத்துட்டு வெரசா வந்துருவாக."

கணக்குப்பிள்ளை குடையை விரித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். இதே பேச்சை அதற்கு முந்தின வருசம் நான் பேசியிருக்கிறேன். அப்போது ஒருத்திகூட இடுப்பை நிமிர்த்தவில்லை.

பிறகு என் கொழுந்தன் காய்ச்சலில் செத்துப்போனார். அழுதேன். அது பொய் அழுகை இல்லை. எனக்குத் தம்பி மாதிரி இருந்தவர். ஆனால் காரியமெல்லாம் முடிந்த பிறகு, முதல் நாற்றுமுடி இனி யாருக்கு என்று மனசு கேட்டது. தாலியறுத்தவள் முதல் முடியைத் தொடக்கூடாது, குலவையும் போடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து முறை.

கண்மாய் பெருகி அடுத்த நடவு வந்தது. இனி மூத்தவள்தான் என்று பெண்கள் சொன்னார்கள், சுரத்தில்லாமல். அவளும் வந்திருந்தாள், வெறுங்கழுத்தோடு வரப்பின் கோடியில் தள்ளி நின்றாள். நான் சனி மூலையில் இறங்கினேன். எத்தனை வருசத்து ஆசை! முடியைப் பிரித்து நட்டேன். நிமிர்ந்து, அடிவயிற்றிலிருந்து குலவை போட்டேன்.

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கூட்டம் அப்படியே வரப்பில் நின்றது. யாரும் என்னைப் பார்க்கவில்லை; எல்லாக் கண்ணும் அவள் மேல்தான். ஒருத்தி தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். மறுபடியும் குலவை போட்டேன். பாதியில் தொண்டை கம்மிவிட்டது. சேற்றிலேயே புதைந்து போய்விடலாம் போல இருந்தது.

அப்போது வரப்பின் கோடியிலிருந்து ஒரு குலவை கிளம்பியது. செல்லூர்த் தொண்டை. போடக்கூடாதவள் போட்டாள். அது ஓய்வதற்குள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். வயல் அதிர இறங்கினார்கள். ஊர் முறையை மீறினாளே என்று ஒரு வாய் முணுமுணுக்கவில்லை. நான் மீறியிருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்கள். அவள் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"நாத்த நடுங்கக்கா, வெயில் ஏறுது" என்றாள்.

எனக்காகத்தான் போட்டாள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. அடுத்த நாற்றுமுடியைப் பிரித்து அவளை முந்திக்கொண்டு நட்டேன்.

அந்த வருசம் அந்த வயல் நன்றாகத் தூர் கட்டி விளைந்தது. களத்தில் வைத்து எல்லாரும் என்னிடம், "ஒன் கைராசிதான்த்தா" என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதலில் அதைச் சொன்னவள் அவள். அவள் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் சொன்னார்கள்.