பீர் போத்தலில் சாம்பிராணி வாசம்

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பீர் ஃபேக்டரியில் வேலை பார்த்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. செந்தூலில் இருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். "பொம்பளப் பிள்ளைக்கு பீர் ஃபேக்டரியா?" என்று அக்கம்பக்கத்தில் முகம் சுளித்தார்கள். அதே ஆட்கள்தான் என் அண்ணனிடம், "சும்மா ரெண்டு போத்தல் கிடைக்குமா?" என்று கேட்டார்கள். அது கிடக்கட்டும்.

போத்தல் பார்ப்பதுதான் என் வேலை. கழுவிய காலிப் போத்தல்கள் ஒரு வெள்ளை வெளிச்சத்தின் முன்னால் வரிசையாகப் போகும். கீறலோ அழுக்கோ தெரிந்தால் எடுத்துவிட வேண்டும். பழுப்புக் கண்ணாடிக்குள் வெளிச்சம் தேன் மாதிரி இறங்கும். பார்த்துக்கொண்டே இருந்தால், போத்தல்கள் எல்லாம் நின்றுவிட்டு நான்தான் எங்கேயோ மிதந்து போகிற மாதிரி இருக்கும். அந்தக் கிறக்கத்துக்காகவே சீக்கிரம் சீக்கிரம் ஆளை மாற்றுவார்கள். மாற்றிய பிறகும் எனக்குப் பாதிக் கனவுதான்.

எனக்கு அடுத்து, மூடி போடும் மெசினில் ஒரு சீன அங்கிள் இருந்தார். நல்ல மனுஷன். பிள்ளைகள் மூன்று பேரும் பள்ளியில். மெசின் பழசு, அடிக்கடி மக்கர் பண்ணும். அதற்காக அவருக்கு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், போத்தல் ஓடுகிற லயனை நிறுத்தி, மெசின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தோம். பூஜைக்கு அனுமதி உண்டு, நெருப்புக்குக் கிடையாது. நெருப்பில்லாமல் என்ன பூஜை? சாம்பிராணி போடுவதை நான் ஏற்றுக்கொண்டேன். பாதியில் யாரோ "மேனேஜர் வர்றார்லா!" என்றதும், புகைந்துகொண்டிருந்த தூபக்காலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். போத்தல் மூடிகள் மூட்டை மூட்டையாகத் திறந்து கிடக்கும் சின்ன அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். அப்புறம் பொரியும் சுண்டலும் வந்தது. தூபக்காலைச் சுத்தமாக மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் வெறும் சாம்பல். எடுத்துக் கழுவி வைத்தேன். யாரும் பார்க்கவில்லை என்று சந்தோஷம் வேறு!

ஒரு வாரம் கழித்து அந்தச் சந்தோஷத்துக்கு வேட்டு விழுந்தது. ருசி பார்க்கிற அறையில், பீரில் ஏதோ ஒரு வாசம் அடிக்கிறதாம். தொட்டியில் இருந்து பிடித்த பீர் நன்றாக இருந்தது. போத்தலில் அடைத்ததுதான் சரியில்லை. அப்படியென்றால் மூடி மெசின் காற்றை உள்ளே விட்டிருக்கிறது என்று முடிவு கட்டி, அங்கிளைக் கூப்பிட்டார்கள். மாதிரிப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

மேஜையில் ஒரு கிளாஸில் பீர் ஊற்றி வைத்திருந்தார்கள். ஆளாளுக்கு முகர்ந்து, மருந்து என்றார்கள், கரி என்றார்கள். பக்கத்தில் போனதும் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் அடிக்கிற அதே வாசம்.

நான் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான், இன்னும் நிரந்தரமாகவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்குத் தெரியும்? அங்கிள் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். அதைப் பார்க்க முடியவில்லை. "அது சாம்பிராணி சார். நான்தான் வெச்சேன்" என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

அங்கே தரம் பார்க்கும் பெரியவர் யாழ்ப்பாணத்துக்காரர், சிரிக்கவே தெரியாதவர். "பிள்ளை, அழாமல் சொல்லும்" என்று எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, "பீருக்கு வெயில் பட்டாலும் நாறும், காத்துப் பட்டாலும் காகிதம் மாதிரிச் சப்பெண்டு போகும். மூடிக்குள்ள இருக்கிற தக்கை மணத்தைப் பிடிச்சு வச்சிருந்தால் கேக்கவே வேணாம்" என்றார். அந்த மூட்டையில் இருந்து ஒரு பிடி மூடிகளை எடுத்து, தண்ணீர் ஜாடியில் போட்டு இறுக்கி வைத்தார். மறுநாள் திறந்தால், ஐயோ சாமி, கோயிலுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது!

அத்தனை பீரையும் கால்வாயில் ஊற்றினார்கள். வெள்ளை நுரை மெத்து மெத்தென்று பொங்கி, வெயிலில் மினுங்கிக்கொண்டு மெதுவாகப் போனது. கனவில் பார்க்கிற மேகம் மாதிரி அவ்வளவு அழகு. அத்தனையும் என்னால்தான் வீணாகப் போனது. எனக்குக் கடிதம் கொடுத்தார்கள், நிரந்தரமாவதை ஆறு மாதம் தள்ளி வைத்தார்கள். அங்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அன்னிக்கு உன் சாமிகிட்ட என்னதான் கேட்டே?" என்று மலாயில் கேட்டார்.

எனக்குச் சொல்லவே வெட்கமாக இருந்தது. "உங்க மெசின் மக்கர் பண்ணக் கூடாது, உங்களுக்கு ரெண்டாவது கடிதம் வரக் கூடாதுன்னு கேட்டேன் அங்கிள்" என்றேன்.

அவர் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு வந்தது அழுகைதான்.

இன்றைக்கும் யாருக்காவது நல்லது செய்யக் கிளம்பினால், என் கையில் இருந்து கிளம்புகிற புகை யார் பக்கம் போகிறது என்று ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கிறேன்.