மாமாவின் வடிகட்டி

மாமா வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும்போதெல்லாம் பெட்டியைத் திறப்பது எங்கள் வீட்டில் ஒரு சடங்கு. உம்மாவின் தம்பி அவர். அந்த வருஷம் அத்தர் பாட்டில், பேரீச்சம்பழம், துணிமணிக்கெல்லாம் அடியிலிருந்து ஒரு நீலக் குழாயையும் மடித்து வைத்த ஒரு பையையும் எடுத்தார். குழாய் என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் நீளம். தூக்கிப் பார்த்தால் கனமே இல்லை. பையில் எந்தத் தண்ணீரையும் நிரப்பி, அதன் வாயில் குழாயைத் திருகி அமுக்கினால் மறுபக்கம் குடிக்கிற தண்ணீர் வரும் என்றார். கூட வேலை பார்த்த ஒருவர், விடுமுறை தோறும் மலை மலையாக நடக்கிறவர், ஊருக்குப் போகும்போது இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம்.

மேலப்பாளையத்தில் இதை யாரும் நம்பவில்லை. நம்பவைக்காமல் மாமாவும் விடவில்லை. மறுநாள் வாய்க்காலுக்குப் போய்ப் பையில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தார். சாயாவின் நிறத்தில் இருந்தது. ஒரு கோழியிறகுகூட அதில் மிதந்தது. தெருப் பிள்ளைகளெல்லாம் எங்கள் முற்றத்தில் கூடிவிட்டார்கள். மாமா பையை அமுக்க, குழாய் வழியே கண்ணாடிபோலத் தண்ணீர் ஒரு பாட்டிலில் இறங்கியது. "கிளாஸ் எடுத்துட்டு வாரேன்" என்று பாட்டிலோடு அடுக்களைக்குள் போனவர், நிறைந்த கிளாஸோடு வந்து எங்கள் கண் முன்னால் மடமடவென்று குடித்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த வாய்க்காலில் என்னென்ன மிதக்கும் என்று எனக்குத் தெரியும். மாமா இப்போது விழுந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வாயைத் துடைத்துக்கொண்டு, "எப்படி?" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு மாமாதான் உலகத்திலேயே பெரிய ஆள்.

மூன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. மாமாவின் பள்ளித் தோழர் ஒருவர் மணிமுத்தாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். அவர் கூப்பிட்டார் என்று வாப்பா, உம்மா, மாமா, நான், பள்ளிக்கூடம் போகும் வயது வராத என் தம்பி, இத்தனை பேரும் அம்பாசமுத்திரம் போய் பஸ் மாறி மலையேறினோம். அடுத்த நாள் காலையில் புல்மேட்டுக்கு நடந்துபோய் வருவதாக ஏற்பாடு. தோழருக்கு அன்று வேலை. வழியை மட்டும் சொல்லி அனுப்பினார். தோட்டத்துக்குப் பின்னாலிருக்கிற ஓடையைப் பிடித்துக்கொண்டே ஏறினால் புல்மேடு, அதே ஓடையில் இறங்கினால் தோட்டம்.

கிளம்பும்போது வாப்பா, தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்வோம் என்றார். வாப்பா ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். எதையும் ஒருமுழம் கூடவே வெட்டிக் கொடுக்கிற சுபாவம்.

"மச்சான், இது எதுக்கு இருக்கு?" என்று மாமா சட்டைப் பையிலிருந்த நீலக் குழாயைத் தட்டிக் காண்பித்தார். "பாட்டிலச் சுமந்துட்டு யாரு நடக்கது? மலையில தண்ணிக்கா பஞ்சம்? அங்கன ஓடையில மொண்டு அமுக்குனாப் போதும்."

ஒரே ஒரு பாட்டிலோடு கிளம்பினோம்.

அந்த வருஷம் மழை சரியாக இல்லை. ஓடை என்று தோழர் சொன்ன இடத்தில் உருண்டைக் கற்கள்தான் கிடந்தன. அடியில் எங்கேயாவது ஊறும், மேலே போகப் போகத் தண்ணீர் இருக்கும் என்று மாமா சொல்லிக்கொண்டே ஏறினார். புல்மேட்டை அடைந்தபோது பாட்டில் காலி. அங்கே நல்ல காற்று. தூரத்தில் அணை ஒரு கண்ணாடித் துண்டுபோல மின்னியது. அத்தனை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தாகத்தோடு உட்கார்ந்திருந்தோம். இறங்கும்போதுதான் தப்பு நடந்தது. மேட்டிலிருந்து கிளம்பும் வறண்ட ஓடைகள் ஒன்றல்ல என்பது எங்களுக்குத் தெரியவில்லை. மாமா முன்னால் நடந்தார், நாங்கள் பின்னால் போனோம். வெகுநேரம் கழித்து, ஏறும்போது பார்க்காத ஒரு பெரிய பாறைச் சரிவு எதிரே வந்தது.

வாப்பா நின்றார். மாமா திரும்பி மேலே பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்போதுதான் முதல்முறையாகக் காணாமல் போனது. போனில் சிக்னல் இல்லை.

வேறு பக்கமாக இறங்கினோம். முள் கிழித்தது. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு எச்சில் விழுங்க வரவில்லை. தம்பி முதலில் தண்ணீர் கேட்டு அழுதான், அப்புறம் சிணுங்கினான், அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. வாப்பாவின் தோளில் தலை தொங்கக் கிடந்தான். அவன் அழுகையை நிறுத்தியது எனக்கு நிம்மதியாக இருந்தது. உம்மாதான் அடிக்கடி அவன் கன்னத்தைத் தட்டிப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

அந்தக் குட்டையை மாமாதான் முதலில் பார்த்தார். இரண்டு பாறைகளுக்கு நடுவில், அரைப் பாய் விரிக்கிற அளவுக்குத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. சுற்றிலும் சேற்றில் காட்டு மாடுகளின் குளம்புத் தடங்கள். சாணி கரைந்து, இலை அழுகி, கறுப்பாக இருந்தது. கொசு எழும்பியது. தண்ணீரின் மேலே எண்ணெய் ஊற்றியதுபோல நீலமும் மஞ்சளுமாக ஒரு படலம். அதன் நாற்றம் இப்போது எழுதும்போதும் மூக்கில் வருகிறது. ஆனால் எனக்கு ஒரே சந்தோஷம். மாமாவிடம்தான் குழாய் இருக்கிறதே.

"மேல வேற தோட்டம் இருந்தா, தேயிலைக்கு அடிக்கிற பூச்சிமருந்து இறங்கி வந்திருக்குமோ?" என்று வாப்பா படலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். மாமா பையில் மொண்டு, குழாயைத் திருகி, காலிப் பாட்டிலில் அமுக்க ஆரம்பித்தார். கறுப்புத் தண்ணீர் உள்ளே போய், தெளிந்த தண்ணீராக மெல்லிய நூல்போல இறங்கியது. நான் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் சேர்ந்ததும் மாமா அதை எடுத்துக்கொண்டு தம்பியின் வாயருகே குனிந்தார். பாட்டில் அவன் உதட்டைத் தொடப்போகிற நேரம் அவர் கை நின்றுவிட்டது. அப்படியே சேற்றில் மண்டியிட்டார்.

"லாத்தா" என்றார். அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "அன்னைக்கு வீட்டுல நான் குடிச்சது வாய்க்கா தண்ணி இல்ல. அதக் கொட்டிட்டு, பிரிட்ஜில இருந்த தண்ணிய ஊத்திட்டு வந்தேன். எனக்குப் பயமா இருந்துச்சு. இதுல வடிச்சு நான் இதுவரைக்கும் ஒரு சொட்டு குடிச்சது கிடையாது."

எங்கள் தெருவே பார்த்த ஒரு விஷயம் நடக்கவே இல்லை என்கிறார். மாமாவால் அப்படிச் செய்ய முடியும் என்பதே எனக்குப் புரியவில்லை. அதற்குள் இன்னொன்று நடந்தது. யாரையும் அதட்டிக்கூடப் பேசாத வாப்பா, தம்பியை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் மாமாவின் கன்னத்தில் அறைந்தார். பாறையில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வந்தது. மைத்துனரை, அதுவும் அவருடைய அக்காவின் கண்ணெதிரே, கைநீட்டிவிட்டார். மாமா கன்னத்தைத் தொடக்கூட இல்லை.

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா அழுவாள், அல்லது வாப்பாவைத் தடுப்பாள் என்று நினைத்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை. மாமாவின் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, பிஸ்மி சொல்லி, அத்தனையையும் குடித்தாள்.

அன்று நடந்ததிலெல்லாம் என்னை நிலைகுலைய வைத்தது இதுதான். எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவள் அவள். ஒரு மாம்பழத்தை அறுத்தால் கொட்டைதான் அவளுக்கு. அவள், தம்பி அப்படிக் கிடக்கும்போது, நான் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும்போது, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டாள். குடித்ததும் போதாமல் மாமாவை இன்னொரு பை மொண்டு வரச் சொல்லி, தானே அமுக்கி, அதையும் குடித்தாள்.

"என்கிட்ட தந்திருக்கலாம்லா" என்றார் வாப்பா.

"நீங்க அவனத் தூக்கணும்" என்றாள் உம்மா.

தூக்குகிறவருக்கல்லவா முதலில் தண்ணீர் வேண்டும் என்று எனக்கு வாப்பாவுக்காகவும் கோபம் வந்தது. பாட்டிலைப் பிடித்து இழுத்தேன். உம்மா என் கையைத் தட்டிவிட்டாள். என்னை அவள் அப்படித் தள்ளியதே இல்லை. பாட்டிலையும் பையையும் குழாயையும் மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"யாரும் தொடக்கூடாது. பொறுங்க" என்றாள். பிறகு வாப்பாவைப் பார்த்து மெதுவாக, "புள்ளையளப் பாத்துக்கிடுங்க" என்றாள்.

எங்களைத் தண்ணீர் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. பாறையின் நிழல் நகர்ந்து என் காலைத் தொட்டது. உம்மா கண்ணை மூடி வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள். வாப்பா அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாமா அவள் காலடியில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை உம்மா தன் துப்பட்டியைக் குட்டையில் நனைத்து, தம்பியின் நெற்றியையும் கழுத்தையும் துடைத்தாள். உதட்டில் பட்டுவிடாமல் விரலால் தடுத்துக்கொண்டு துடைத்தாள். நான் அழுதேன். கண்ணீர் உதட்டுக்கு வந்தபோது அதை நக்கினேன். இனிமேல் உம்மாவோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அப்புறம் அவள் கண்ணைத் திறந்தாள். வயிற்றில் கைவைத்து அமுக்கிப் பார்த்தாள். எழுந்து நான்கு எட்டு நடந்துவிட்டு வந்து, குழாயை மாமாவிடம் நீட்டி, "அமுக்கு" என்றாள்.

தம்பிக்கு மூடியில் ஊற்றிப் பைய பையக் கொடுத்தாள். முதல் மூடி வழிந்துவிட்டது. இரண்டாவதை விழுங்கினான். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, இன்னும் என்று கேட்டான். அதன்பிறகு எனக்கு, பிறகு வாப்பாவுக்கு, கடைசியாக மாமாவுக்கு. அந்தத் தண்ணீரில் லேசாக இலை வாசம் இருந்தது. அதுபோல ருசியான எதையும் அதற்கு முன் நான் குடித்ததில்லை.

வெயில் சாய்வதற்குள் தேயிலை வரிசைகள் கண்ணில் பட்டுவிட்டன. இலை பறித்துவிட்டு வந்த பெண்கள் எங்களைக் குடியிருப்புக்குக் கூட்டிப்போனார்கள். எங்களில் ஒருவருக்கும் வயிற்றுவலிகூட வரவில்லை. மாமா கொண்டுவந்த பொருளில் எந்தக் குறையும் இல்லை. அதன்மேல் மாமாவுக்குத்தான் நம்பிக்கை இருக்கவில்லை. அந்த மாதிரிக் குழாய்கள் கிருமியைத் தடுக்கும், பூச்சிமருந்தைத் தடுக்காது என்றும், இலை அழுகினாலும் அப்படியொரு படலம் வரும் என்றும் பெரியவளான பிறகு படித்தேன். கெட்ட தண்ணீரின் நோய் பல நேரம் மறுநாள்தான் தலைகாட்டும் என்பதும் அப்போது உம்மாவுக்குத் தெரியாது. அவள் பயந்ததெல்லாம் மருந்துக்குத்தான்.

ஊருக்கு வந்த மறுநாள் பெரியும்மா பார்க்க வந்தார். உம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர், அந்தக் குடும்பத்தில் எல்லோரும் பயப்படுகிறவர். வழி தவறியதை வாப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். குட்டையில் தண்ணீர் வடித்துக் குடித்ததையும் சொன்னார். மாமா சொன்ன ரகசியத்தையும் அறைந்ததையும் சொல்லவில்லை. மாமா கதவோரம் தலையைக் குனிந்து நின்றார். என் மனக்குறையை யாரும் பேச்சில் எடுக்கவில்லையே என்று எனக்குத் தாங்கவில்லை.

"பெரியும்மா, உம்மா மட்டும் முதல்ல குடிச்சிட்டு எங்களுக்குத் தரல. தம்பி மயங்கிக் கிடந்தான். அப்பவும் தரல" என்றேன்.

வாப்பாவின் சிரிப்பு பாதியில் அறுந்தது. மாமா நிமிர்ந்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"எதுக்குட்டி அப்படிச் செஞ்ச?" என்று பெரியும்மா உம்மாவைக் கேட்டார். மாமாவையும் ஒருமுறை பார்த்தார்.

உம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. மாமா பேசுவதற்குள் முந்திக்கொண்டாள்.

"எனக்கு ரொம்பத் தாகம் லாத்தா. பொறுக்க முடியல, குடிச்சிட்டேன்."

பெரியும்மா அவளை நன்றாகத் திட்டினார். பெற்றவளா நீ என்றார். உம்மா கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். வாப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மாமா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு பெரிய ஆண்கள் உம்மாவுக்குக் கிடைக்கிற ஏச்சைக் கேட்கமாட்டாமல் இப்படி நடந்துகொள்வது எனக்கு வேடிக்கையாக இருந்தது. செய்தவளே ஒத்துக்கொண்டுவிட்டாள், கேட்கவேண்டியவர் கேட்டும்விட்டார். நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். உம்மாவை மன்னித்துவிடலாம் என்றும் தோன்றியது. அருகில் போய், இனிமேல் உன்னோடு பேசுவேன் என்று சொன்னேன்.

"சரி" என்றாள் உம்மா. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.