விரலுக்கு விரால்

சென்ற ஞாயிற்றுக்கிழமை பாலோ பக்கம் போனவர்கள் மூன்று பேர்: நான், என் கணவர், வண்டி ஓட்டிய நாத்தனார் வசந்தா. நான்காவதாக, மூடி போட்ட வாளியில் ஒரு மீன்.

மீனுக்குக் காரணம் என் வேண்டுதல். கணவரின் கால் விரலில் சர்க்கரைப் புண். ஆறாவிட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புண் ஆற விரால் சூப் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம்தானே. மலாய்க்காரர்கள் ஹாருவான் என்பார்கள். மருந்து ஒரு பக்கம், சூப் ஒரு பக்கமாக இரண்டு மாதம் கொடுத்தேன். அடுப்பருகே நின்று, "முருகா, விரல் தங்கட்டும். விரலுக்கு விரால், உயிரோடு ஒன்றைத் தண்ணீரில் விடுகிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். விரல் தங்கியது.

குளுவாங் பசாரில் காலை 7.10க்கு மீன் வாங்கினோம், 28 வெள்ளி. அங்கிருந்து பாலோ தாண்டி, செம்பனைத் தோட்டத்துக் கோயில் குளம் வரை 34 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். கடைசி மூன்று கிலோமீட்டர் மண் பாதை. மழை பெய்திருந்தால் சின்ன வண்டியில் வராதீர்கள்.

கற்பூரம் ஏற்றி, வாளியைத் திறந்தேன். மோட்டார் சைக்கிளில் தூண்டிலைக் கட்டிக்கொண்டு, போகிற வழியில் சாமி கும்பிட வந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். பெயர் சேகர்.

"அக்கா, விடாதீங்க! இது விரால் இல்ல லா, தோமான். உடம்பு நீளத்துக்குக் கறுப்புப் பட்டை பாருங்க. இத உட்டா குளத்துல ஒரு மீன் மிஞ்சாது."

"அலமாக்! அப்ப அண்ணன் குடிச்ச சூப்பு?" என்றாள் வசந்தா.

"அத இப்ப கேக்காத" என்று என் கணவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விட்டால் குளம் அழியும். வாளியிலேயே செத்தால் வேண்டுதல் பாவமாகும். சேகர்தான், தோமான் ஏற்கெனவே இருக்கும் ஆற்றுக்கு, நான்கு கிலோமீட்டர் முன்னால் போய் வழிகாட்டினார்.

கரையோரம் தண்ணீரில் சிவப்பாக ஒரு வட்டம். யாரோ பூசை செய்து குங்குமம் கரைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். வாளியைத் தண்ணீரில் சாய்த்துப் பிடித்தபடி, தொட்டு நெற்றியில் வைக்கலாமென்று கையை நீட்டினேன்.

"கைய எடுங்க!" என்று சேகர் கத்தினார்.

எடுத்தேன். தண்ணீர் வெடித்தது. தொடை அளவு மீன் ஒன்று வாளியை முட்டிக் கவிழ்த்தது. எங்கள் மீன் நழுவி ஆற்றோடு போய்விட்டது.

"அந்தச் செவப்பெல்லாம் தோமான் குஞ்சுங்கக்கா. அப்பாவும் அம்மாவும் கீழயே காவல் நிக்கும்" என்று சேகர் தன் கெண்டைக்காலைக் காட்டினார். முன்பு கடிபட்ட இடத்தில் ஏழு தையல்.

என் கணவர் என் கையைப் பிடித்து விரல்களை எண்ணினார். "என் விரலுக்கு உன் விரலக் குடுக்கப் பாத்தியேம்மா!" அப்போதுதான் அழுதேன். பத்தும் இருந்தன. முருகனுக்கும் சேகருக்கும் நன்றி. சேகர் பெட்ரோல் காசு வாங்கவில்லை. பாலோவில் எங்களோடு ஒரு தே தாரேக் டீ மட்டும் குடித்தார்.

நீங்களும் மீன் விடப் போவதானால், வாங்கும்போதே பட்டையைப் பாருங்கள். எந்த நீரில் விடலாம் என்று உள்ளூரில் கேளுங்கள். தண்ணீரில் சிவப்பு மிதந்தால் தள்ளி நில்லுங்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் என்னை விடவில்லை. நேர்ந்தது விரால், போனது தோமான். அதுவும் நான் விடவில்லை, தானாகப் போனது. "ரெண்டும் ஒரே குடும்பம்கா, பெரியப்பா மகன்னு வச்சிக்குங்க" என்கிறார் சேகர். முருகன் அப்படி வைத்துக்கொள்வாரா? வெள்ளிக்கிழமை இவருக்கு மறுபடி கால் பரிசோதனை. விவரம் தெரிந்தவர்கள் வியாழனுக்குள் பதில் எழுதுங்கள்.