ரெண்டு ஏபி வாத்தியார்

ஏ கூட்டல் பியின் வர்க்கத்தை எவனாவது ஏ வர்க்கம் கூட்டல் பி வர்க்கம் என்று எழுதிவிட்டால் போதும், கணக்கு வாத்தியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "நடுவுல ரெண்டு ஏபி எங்கடா?" என்று அவர் போடும் சத்தம் தலைமையாசிரியர் அறைவரை கேட்கும். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? 'ரெண்டு ஏபி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

இயற்கணிதத்தில் தேறாதவர்கள் மேல் வகுப்புக்குப் போக முடியாது என்பது அந்தப் பள்ளியின் விதி. கெஞ்சிக்கொண்டு வந்த பெற்றோர்களிடமெல்லாம் விதி விதிதான் என்று கறாராகச் சொல்லி அனுப்பியவர் அவர். இந்த வருஷம் அவருடைய மகளே கோட்டை விட்டு, மறுதேர்வு எழுதியிருந்தாள். இதிலும் போனால் தோழிகளெல்லாம் மேலே போக, அவள் மட்டும் அதே பெஞ்சில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டும்.

சொந்த மகள் என்பதால் தாளைத் திருத்தியது புதிதாக வந்த ஆசிரியை. வாத்தியாரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வரியைக் காட்டினாள். நடுவில் ரெண்டு ஏபியைக் காணோம். அது இருந்திருந்தால் மகள் தேறியிருப்பாள். "சார், நான் கவனிக்கலன்னு வச்சுக்கலாமே" என்றாள் ஆசிரியை மெதுவாக. அவருக்கு ஆசை வராமல் இல்லை. வந்தது, நன்றாகவே வந்தது. வேண்டாம் என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடுவரை நடந்தே போனார்.

முகத்தைப் பார்த்ததுமே மகளுக்குப் புரிந்துவிட்டது. என்ன தப்பு என்று கேட்டாள், சொன்னார். அவள் அழவில்லை, சிரித்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"மனப்பாடமாத்தான் இருந்துச்சுப்பா, பயத்துல விட்டுட்டேன். அது சரி, அந்த ரெண்டு ஏபி எங்கேருந்துதான் வருது?"

சட்டைப் பையிலிருந்த சாக்பீஸை எடுத்து, சமையலறைத் தரையில் ஒரு பெரிய சதுரம் போட்டார். நடுவைவிட்டுத் தள்ளி நெடுக்கே ஒரு கோடு, அதே அளவு தள்ளிக் குறுக்கே ஒரு கோடு. ஒரு மூலையில் ஏயின் சதுரம், எதிர்மூலையில் பியின் சின்னச் சதுரம். மிச்சமிருந்த இரண்டு மூலைகளிலும் ஒரே மாதிரி நீளக்கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் பி.

அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அட, இவ்வளவுதானா? இத ஏம்ப்பா கிளாஸ்ல ஒருநாள்கூடப் போடல?"

பாடத்தை முடிக்கவே நேரம் போதாது என்று சொல்ல வாயெடுத்தார். வெட்கமாக இருந்தது. மனைவி தரையைத் துடைக்க ஈரத்துணியோடு வந்தபோது, "இருக்கட்டும், அழிக்காத" என்று மட்டும் சொன்னார்.