பிரேமிளாவின் பெயர்ப்பலகைகள்

கிளிநொச்சிப் பாரதிபுரத்துச் சுடலைமுத்துவின் மகள் பிரேமிளா முதன்முதலில் சம்பளத்துக்கு எழுதியது 'மிதிவெடி, கவனம்' என்ற இரண்டு சொற்களை. போர் முடிந்து சனங்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. மிதிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்தவளை, எழுத்து அழகாக இருக்கிறதென்று, எச்சரிக்கைப் பலகைகள் செய்யும் கொட்டிலுக்கு அனுப்பினார்கள். சிவப்புப் பலகையில் வெள்ளை மண்டையோடு, கீழே வெள்ளை எழுத்து. ஓரிடத்தில் வெடிகளை எடுத்து முடித்ததும் பலகையையும் பிடுங்கிவிடுவார்கள். தான் எழுதியது இல்லாமல் போவதைக் கண்டு அவள் சந்தோஷப்பட்டாள்.

சில வருடங்களில் நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது அவளுக்கும் வேலை போனது. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகலாமே என்று தகப்பன் கேட்டார்.

"கிளிநொச்சியில நாளுக்கொரு கடை திறக்கினம் அப்பா. எல்லாருக்கும் பெயர்ப் போட் வேணும்தானே" என்றாள். சுடலைமுத்து வீட்டுக்கு முன்னால் தகரத்தில் ஒரு கொட்டில் போட்டுக் கொடுத்தார்.

முதல் வாடிக்கையாளர் பைறூஸ். புத்தளத்தில் பல வருடங்கள் இடம்பெயர்ந்திருந்துவிட்டு முல்லைத்தீவுக்குத் திரும்பி, சாப்பாட்டுக்கடை திறந்திருந்தார். தூரத்திலேயே தெரியும்படி பளிச்சென்று எழுதிக் கொடுத்தாள். மறுவாரம் அவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"தங்கச்சி, எழுத்தில ஒரு குறையும் இல்லை. ஆனா சனம் உள்ளுக்கு வர யோசிக்குது. நேற்று ஒரு அம்மா பிள்ளையின்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு மற்றப் பக்கத்தால போறா."

பிரேமிளாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பழக்க தோசத்தில் சிவப்புப் பலகையில் வெள்ளையாக எழுதிவிட்டிருந்தாள். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. அடுத்த நாள் முதல் பஸ்ஸில் பெயின்ற் தகரங்களோடு போய், தானே ஏணியில் ஏறிப் பச்சையில் மஞ்சளாக எழுதிவிட்டு வந்தாள். பைறூஸ் கோபிக்கவில்லை. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார். கேட்டவர்கள் அவளைத் தேடி வந்தார்கள். சிவப்பு மட்டும் வேண்டாம் என்று பகிடிவிட்டார்கள்.

பிறகு பிளெக்ஸ் வந்தது. ஒரு மணித்தியாலத்தில் படத்தோடு அச்சடித்துத் தருகிறார்களென்று எல்லோரும் வவுனியாவுக்கு ஓடினார்கள். பிரேமிளா கொட்டிலைப் பூட்டிவிட்டு, அங்கே நெளுக்குளத்தில் அச்சுக்கூடம் வைத்திருந்த கமலாசனியிடம் வேலை கேட்டுப் போனாள்.

"அக்கா, பொய் சொல்ல மாட்டன். பழகிப்போட்டு ஊரில நானும் ஒண்டு திறப்பன்" என்றாள்.

கமலாசனி அவளை ஏற இறங்கப் பார்த்தார். களவாகப் பழகிக்கொண்டு போனவர்களைத்தான் அவர் அதுவரை கண்டிருந்தார். "நாளைக்கு வாரும்" என்றார். புது இயந்திரம் வாங்கியபோது, பழையதை அவளுக்கே தவணைக்குக் கொடுத்தார். அதைக் கொண்டுவந்து பிரேமிளா ஊரில் பூட்டிக் கிடந்த கொட்டிலைத் திரும்பத் திறந்தாள்.

நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த வருடம் மையும் இல்லை, மின்சாரமும் இல்லை. இயந்திரம் தூசி படிந்து கிடந்தது. அப்போது அவளிடம் இரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். இருவருமே முன்பு அவளிருந்த நிறுவனத்தில் மிதிவெடி அகற்றியவர்கள். வீட்டுக்குப் போகவா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள்.

"மெசின் நிண்டா நிக்கட்டும். பிறஷ்ஷை எடுங்கோ" என்றாள் பிரேமிளா.

பெற்றோல் இல்லாததால் மூவரும் சைக்கிளில் போனார்கள். கடைச் சுவர்களில் எழுதினார்கள். ஒட்டுசுட்டான் வீதிக்கு யானை எச்சரிக்கைப் பலகைகள் எழுதினார்கள். சில நாட்களில் கூலிக்குப் பதிலாக நெல் கிடைத்தது. ஒருத்தியையும் அவள் வீட்டுக்கு அனுப்பவில்லை.

இன்று அவளிடம் ஏழு பேர் வேலை செய்கிறார்கள். முல்லைத்தீவில் இன்னொரு கிளையும் உண்டு. போன மாதம் முதல் தடவையாக ஆனையிறவைத் தாண்டி, யாழ்ப்பாணப் பக்கம் சாவகச்சேரியில் ஒரு மருந்துக்கடைக்கு மின்னெழுத்துப் பலகை பூட்டப் போனார்கள். சுவிட்சைப் போட்டதும் எல்லா எழுத்துகளும் ஒளிர்ந்தன. சாமான்களை வாகனத்தில் ஏற்றி முடிக்கவில்லை; பக்கத்துப் பேக்கரிக்காரர் வந்து, தன்னுடைய கடைக்கும் அளவெடுக்க முடியுமா என்று கேட்டார்.

"ஓம், இப்பவே எடுக்கலாம்" என்று சொல்லி, பிரேமிளா ஏணியைத் திரும்ப இறக்கச் சொன்னாள்.