அந்தத் தேதிக்குத் தலையாட்டினேன்

முப்பத்தொரு வயதில் பிளஸ் டூ பாடங்களை மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன். என் பழைய மதிப்பெண் குறைந்தபட்சத் தகுதிக்கும் கீழே; அதை வைத்து நீட்டில் தேறினாலும் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடையாது. படிப்பதற்காகவே அருப்புக்கோட்டை மில்லில் பார்த்த ஆபீஸ் வேலையையும் விட்டிருந்தேன். வேதியியல் மட்டும் பாக்கி.

பரளச்சிப் பக்கம் குலசாமி கோயிலில் என் மகளுக்குக் காது குத்த மாமியார் நாள் பார்த்தார். நாள் குறிக்கும் முன், அன்று மாதவிலக்கு வருமா என்று வீட்டுப் பெண்களிடம் கேட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். அவர் சொன்ன தேதியில்தான் எனக்குப் பரீட்சை.

"அன்னைக்கு ஒனக்குத் தோதுப்படுமா தாயி?"

பரீட்சை என்றால், "பிள்ளையவிட அது பெருசாப் போச்சா?" என்பாரோ என்று பயந்தேன். வீட்டுக்குத் தூரம் என்று பொய் சொல்லியிருக்கலாம். சாமி காரியத்தில் பொய் சொன்னால் மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அதற்கும் பயம். தலையாட்டிவிட்டேன்.

பரீட்சை நேரத்தில் பொங்கல் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த வருடம் வீணானது.

பிறகொரு நாள் அழுதபடி மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அடி கூறுகெட்டவளே, தூரம்னு சொல்லிருந்தா தள்ளி வச்சிருப்பேனே. எங்க மாமியாகிட்ட நான் எத்தன தடவ அப்பிடிச் சொல்லிருக்கேன். சாமி என்ன கண்ணையா குத்திருச்சு?"

கோபப்படக்கூட ஆளில்லாமல் போனது. என்னை யாருமே தடுத்திருக்கவில்லை.

மகளின் கம்மலைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பரீட்சைதான் நினைவுக்கு வருகிறது. இப்போது மறுபடி படிக்கிறேன். தேதி வந்ததும் முதலில் மாமியாரிடம் சொல்ல வேண்டும். சொல்லிவிடுவேனா என்றுதான் தெரியவில்லை.